தலைவரின் 2,914 திருத்தங்கள்

நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் ஊரில் மாலிமாக் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. மாலிமாக் ஒரு கடற்பறவை. ஆனால் அறக்கட்டளைக்கும் பறவைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த மாலிமாக் ஒரு கணினி நிரல். ஃபோவோ நீரிணையில் எந்த மணிக்குக் கடல் ஏறும், எந்த மணிக்கு வற்றும் என்று சொல்லும். சிப்பி அள்ளுகிறவர்கள், நீலக் காட் மீன் பிடிக்கிறவர்கள், ஸ்டூவர்ட் தீவிலிருக்கும் மாமியாரைச் சொந்தப் படகில் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அதை நம்பித்தான் கயிற்றை அவிழ்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இப்படி ஒரு நல்ல காரியம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தால் நம்மவர்களுக்குப் பொறுக்குமா? பதினேழு பேர் கூடி அதை நிர்வாகம் செய்ய ஆரம்பித்தார்கள்.

நிரலில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் இந்தத் தொழிலில் கமிட் என்பார்கள். ஒரு நிரல் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, போன மாதம் எத்தனை கமிட் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். மாலிமாக்கில் மட்டும் எத்தனை கமிட்டி என்று எண்ண வேண்டும். போன வருஷக் கணக்கு: கமிட் மூன்று, கமிட்டி பதினொன்று.

திருத்தங்களை எல்லாம் தேதியோடும் பெயரோடும் காரணத்தோடும் எழுதி வைக்க ஒரு ஏடு உண்டு. மாலிமாக்கின் ஏடு சப்வெர்ஷன் என்ற பழைய முறையில், ராஸ் மெக்கெர்ச்சரின் கார் கொட்டகையில் ஒரு கணினிக்குள் இருந்தது. ராஸ் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிரல் எழுதத் தெரியாது. கொட்டகை அவருடையது என்பதால் பதினேழு வருஷமாகத் தலைவர்.

உலகம் முழுக்க கிட் என்ற புதிய முறைக்கு எப்போதோ மாறிவிட்டது. மாலிமாக்கும் மாற வேண்டும் என்று பேச்சு எழுந்ததும், இடமாற்றத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஆராய இன்னொரு குழு. புதிய ஏட்டில் நிரலின் ஒவ்வொரு வடிவத்தையும் கிளை என்பார்கள்; அதில் முக்கியமான கிளைக்குப் பெயர் சூட்டவே ஏழு மாதம் ஆயிற்று. கடைசியில் ‘முதன்மைக் கிளை, தற்காலிகம்’ என்று ஒருமனதாக முடிவாயிற்று. தலைவர் கூடவே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: “வரலாறு புனிதமானது. புதிய ஏட்டில் ஒருமுறை ஏறிய வரலாற்றை யாரும் எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது.” எல்லாரும் கை தட்டினார்கள். நாலு வருஷத்தில் நடந்த காரியம் இவ்வளவுதான்.

அப்புறம் வேலையை யார் செய்வது என்ற கேள்வி வந்தது. அந்த நேரம் பார்த்து ஆல்வின் டெய்ட் சமையலறையில் சீஸ் ரோலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். தட்டோடு திரும்பி வருவதற்குள் அவர் இடமாற்ற அதிகாரி ஆகியிருந்தார்.

ஆல்வினுக்கு ஐம்பத்து மூன்று வயது. நகராட்சியில் சாக்கடை ஆய்வாளர், ஓய்வு நேரத்தில் மாலிமாக்குக்கு நிரல் எழுதுகிறவர். அமைதியான மனிதர், யாரோடும் வம்புக்குப் போகாதவர். அதை அவரே ஒரு நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

வேலை பெரிய வேலை இல்லை, ஒரு சிக்கல்தான். பழைய ஏட்டில் ஆளுக்கு ஒரு சுருக்கப் பெயர் மட்டும் இருக்கும். புதிய ஏடு முழுப்பெயர் கேட்கும். ஆகவே இடப்பக்கம் சுருக்கப் பெயர், வலப்பக்கம் முழுப்பெயர் என்று ஒரு பட்டியல் தயார் செய்ய வேண்டும். மொத்தம் நாற்பத்தொரு பேர். ஆல்வின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் எழுதி முடித்தார். ‘ஆர்எம்சிகே’ என்ற பெயருக்கு நேரே ரோனா மெக்கெக்னி என்று எழுதினார். அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாலிமாக்கில் ஓடுகிற கணக்கில் பாதி அவள் எழுதியது. ஒருமுறை ஆல்வின் செய்த பிழையால் தீவுப் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு பேர் மையால் கையொப்பமிட வேண்டும் என்று அறக்கட்டளை விதி போட்ட அன்று, ஒரு வார்த்தை சொல்லாமல் விலகிக்கொண்டாள்.

பட்டியல் பெயர் சரிபார்ப்புத் துணைக்குழுவுக்குப் போயிற்று. தலைவரும் செயலாளர் யூனிஸ் பார்க்ஹில்லும்தான் அந்தத் துணைக்குழு. பௌலிங் கிளப் கூடத்தில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடினார்கள். தலைவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

“ஆர்… எம்சிகே…” என்று ரகரத்தை நம் ஊர் வழக்கப்படி நன்றாக உருட்டினார். “ஏம்ப்பா ஆல்வின், இது நான்தானே?”

இந்த ஊரில் காற்றுக்குத் தொப்பி பறந்தால் அது ‘மெக்’ என்று பெயர் தொடங்கும் யாராவது ஒருவர் தலையில்தான் போய் உட்காரும். சந்தேகம் வருவது இயற்கைதான்.

“இல்லீங்க ராஸ். உங்க கணக்கு மேல இருக்கு பாருங்க, ஏழாவது வரி. நீங்க ஒரே ஒரு திருத்தம் பண்ணியிருக்கீங்க.”

“என்ன திருத்தம்?”

“உங்க பேருக்கு நடுவுல ஒரு ‘டி’ சேத்தீங்க.”

“முக்கியமான திருத்தம்,” என்றாள் யூனிஸ், எழுதிக்கொண்டே.

“ஒரு ஆளுக்கு ரெண்டு கணக்கு இருக்கக்கூடாதா என்ன?” என்றார் தலைவர்.

“இருக்கலாம். ஆனா இது ரோனாங்க. ப்ளஃப்ல மீன் பேக்டரி ஆபீஸ்ல இருந்தாங்களே. பதினோரு வருஷம் எழுதினாங்க.”

“நீ சொல்றே. ஆதாரம் வேணுமில்ல?”

யூனிஸ் கோப்பைப் புரட்டினாள். “அவங்களுக்குப் படிவம் நாலு-பி அனுப்பியாச்சு. பதினாலு நாளுக்குள்ள பதில் வரலேன்னா அது உரிமை கோரப்படாத பேரு. இன்னியோட பதினாறு நாள்.”

“எங்க அனுப்பினீங்க?”

“பேக்டரி விலாசத்துக்கு.”

“பேக்டரியத்தான் மூடிட்டாங்களே யூனிஸ்.”

“விலாசம் மாறினா படிவம் ஆறு குடுக்கணும். குடுக்கலையே.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். “ரெண்டாயிரத்துச் சொச்சம் திருத்தத்த அநாதையா விடறதா? நல்லாயிருக்காது. யாராவது ஒருத்தர் பொறுப்பெடுத்துக்கணும். எனக்கு இதுல துளியும் இஷ்டமில்ல. சரி, எடுத்துக்கறேன்.”

ஆல்வினின் சட்டைப் பையில் போன் இருந்தது. போனில் ரோனாவின் எண் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ரோனா மெக்கெக்னியை அழித்து, ராஸ் டி. மெக்கெர்ச்சர் என்று அடித்தார். எந்தத் திருத்தத்துக்கும் காரணம் எழுத வேண்டும் அல்லவா? ‘தலைவர் விருப்பப்படி’ என்று எழுதிச் சேமித்தார். யூனிஸ் ஒரு சரி போட்டாள். கூட்டம் முடிந்தது.

இடமாற்ற விழா ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது. பழைய கணினியைக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து மேஜைமேல் கிடத்தி, பச்சை வெல்வெட் போர்த்தியிருந்தார்கள். பேக்பைப் ஊதுகிறவர் ஒருவர் வந்து சோக மெட்டு ஊதினார். ஒரு நிமிஷ மௌனம். யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையில் புதிய ஏட்டை ஏற்றினார்கள். அது திறந்த உடனே, யார் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று கட்டம் கட்டமாகக் காட்டியது. முதல் கட்டம் கூரை வரை எழும்பி நின்றது. ராஸ் டி. மெக்கெர்ச்சர், 2,915 திருத்தங்கள். அவர் பெயருக்கு நடுவே சேர்த்த அந்த ‘டி’யும் இதில் அடக்கம்.

கூடமே எழுந்து கை தட்டியது. ஆல்வின் தலைவரின் முகத்தைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்ல வேண்டும், தலைவரே ஒரு கணம் திகைத்துத்தான் போனார். ஒரே ஒரு கணம். அப்புறம் ஒலிபெருக்கிக்கு வந்தார்.

“நண்பர்களே, நான் இவ்வளவு செய்திருக்கிறேன் என்று எனக்கே இன்றுதான் தெரியும். தன்னலமற்ற தொண்டு என்பது இதுதான். செய்தவனுக்கே தெரியாமல் நடக்கும். கணினி பொய் சொல்லாது. நாம்தான் நம்மைப் பற்றிக் குறைவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இனிமேல் நான் அந்தத் தவறைச் செய்ய மாட்டேன்.”

சீஸ் ரோல் தட்டு சுற்றி வந்தது. ஆல்வின் ஒன்றை எடுத்துக்கொண்டார். சுவரோரம் போய் நின்று, தட்டுகிறவர்களோடு சேர்ந்து தட்டினார், கையில் ரோல் இருந்ததால் சத்தம் வரவில்லை. திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். திங்கட்கிழமை வந்தது, போயிற்று.

தலைவருக்கு ஞாபகங்கள் வர ஆரம்பித்தன. முதல் வாரம், “அந்தச் சந்திரன் கணக்கு இருக்கே, அது என்னைப் படுத்தின பாடு” என்றார். இரண்டாம் வாரம், அந்தக் கணக்கு குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது என்றார். மூன்றாம் வாரம் உள்ளூர் வானொலியில் பேட்டி வைத்தார்கள். ஆல்வின் நகராட்சி வேனில், ஒரு சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மிஸ்டர் மெக்கெர்ச்சர், உங்க பழைய குறிப்பெல்லாம் படிச்சேன்,” என்றார் அறிவிப்பாளர். “ஒரு இடத்துல இப்படி எழுதியிருக்கீங்க. ‘வலி ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரம் வருது. தீவுப் பக்கத்துப் பிழை சரி. மிச்சத்த பிள்ளை பெத்துட்டு வந்து பாக்கறேன்.’ இது… எப்படிப் புரிஞ்சுக்கறது?”



“படைப்புன்னாலே வலிதாங்க,” என்றார் தலைவர். “படைப்பாளிக்கு அது பிள்ளைப்பேறு. ஒரு உருவகம்.”

“மறுநாள் குறிப்புல ‘பெண் குழந்தை, மூணு கிலோ இருநூறு’ன்னு இருக்கே?”

“அது இரண்டாம் பதிப்பு. அதோட அளவு.”

“கிலோவிலயா?”

“அப்பல்லாம் அப்படித்தான் அளப்போம்.”

ஆல்வின் வானொலியை அணைத்தார். காது மடல் வரை சுட்டது. தெருவில் ஒரு ஆளும் இல்லை. இருந்தாலும் யாரோ பார்த்துவிட்ட மாதிரி தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். அறக்கட்டளையின் அடுத்த செய்திமடலில் ‘படைப்பின் வலி: தலைவர் மனம் திறக்கிறார்’ என்று இரண்டு பக்கம் வந்தது. தட்டச்சு செய்தது யூனிஸ். மூன்று பிள்ளை பெற்றவள். ஆறு நிமிஷம் என்பதை ஐந்தா ஆறா என்று மட்டும் ஒருமுறை சரிபார்த்துக் கேட்டாள்.

அதே வாரம் வியாழக்கிழமை ஆல்வினுக்குப் போன் வந்தது. ப்ளஃப் துறைமுக அலுவலகத்திலிருந்து பராதா என்ற பெண் பேசினாள். குரலில் அவசரம் இல்லை, மரியாதை இருந்தது.

“ரோனா மெக்கெக்னி எங்ககிட்ட வேலைக்கு மனு போட்டிருக்காங்க. கடல் மட்டக் கணக்குப் பார்க்கிற வேலை. விசாரிக்க உங்க பேரைக் குடுத்திருக்காங்க. மாலிமாக்ல பதினோரு வருஷம் எழுதினதா சொல்றாங்க.”

“ம்.”

“ஏட்டைப் பார்த்தோம். அவங்க பேரே இல்ல. அவங்க சொல்ற ஒவ்வொண்ணும் உங்க தலைவர் பேர்ல இருக்கு. நாங்க கேக்கறது ஒரே விஷயம்தான். அதெல்லாம் அவங்க எழுதினதா, இல்லையா?”

இதற்குப் பதில் ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல ஆல்வின் வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

“ஏட்டுல இருக்கறதுதாங்க அதிகாரபூர்வமானது.”

“அது புரியுது. உங்களுக்குத் தெரிஞ்சதைக் கேக்கறேன்.”

“நான் தனிப்பட்ட முறையில எதுவும் சொல்ற நிலையில இல்ல. அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டீங்கன்னா நல்லது.”

“சரிங்க. உங்க நேரத்துக்கு நன்றி,” என்றாள் பராதா.

ஆல்வின் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவனோ ஒரு அதிகாரி பேசினான், நான் பேசவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது எடுபடவில்லை. பேசியது அவர்தான். ஐம்பத்து மூன்று வருஷத்தில் தன்னை இவ்வளவு கேவலமாக அவர் உணர்ந்ததில்லை.

அன்றைக்கே யூனிஸிடம் போய் அவசரக் கூட்டம் கேட்டார். அவசரக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். பத்தாம் நாள் பதினேழு பேரும் வந்தார்கள். ஆல்வின் எழுதி வைத்திருந்த தாளை நின்றுகொண்டே படித்தார். வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்த வாக்கியம் வேறு. தாளில் இருந்த வாக்கியம் இது: “இடமாற்றத்தின்போது ஏட்டை மாற்றும் கருவியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக, ஒருவர் பெயருக்குப் பதில் இன்னொருவர் பெயர் இடம்பெற நேர்ந்திருக்கலாம் என்று தெரியவருகிறது. அதனால் ரோனா மெக்கெக்னிக்குக் கிடைக்கவிருக்கும் வேலைக்கு ஆபத்து.”

கூடத்தில் சலசலப்பு. தலைவர் கையைத் தூக்கி அடக்கினார். அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதுதான் பயங்கரம்.

“நண்பர்களே, தவறு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதைத் திருத்தினால் என்ன ஆகும்? தவறு இருந்தது என்று வெளியே தெரிந்துபோகும். திருத்தாவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த அறக்கட்டளை எதற்காக இருக்கிறது? மக்களின் நம்பிக்கைக்காக. அந்த நம்பிக்கையை உண்மை கெடுக்கும் என்றால், நாம் எதன் பக்கம் நிற்க வேண்டும்? இன்னொன்று. அந்த அம்மையார் பதினோரு வருஷம் பெயரைப் பற்றிக் கவலையே படாமல் உழைத்ததாக ஆல்வின் சொல்கிறார். அப்படிப்பட்ட உயர்ந்த உள்ளத்தின்மேல் இப்போது போய் அவர் பெயரை ஏற்றினால், அது அவரை அவமதிப்பதாகாதா? பெயர் என்பது ஒரு சுமை. அதை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். குறை சொல்லவில்லை.”

சிலர் “ஆமாம், ஆமாம்” என்றார்கள். யூனிஸ் விதியைப் படித்தாள்: வரலாறு புனிதமானது. பிறகு இரண்டு தீர்மானங்கள் வந்தன. ஒன்று, மாற்றும் கருவிக்குக் கண்டனம். இரண்டு, ரோனா மெக்கெக்னியின் ஆர்வத்தைப் பாராட்டி அவருக்குப் புதிய பங்களிப்பாளர் ஊக்கச் சான்றிதழ்.

“அவங்க புதுசு இல்லீங்க,” என்றார் ஆல்வின்.

“ஏட்டுல இல்லாதவங்க புதுசுதானே?” என்றாள் யூனிஸ். அவள் கேலி செய்யவில்லை. விதிப்படி கேட்டாள்.

கை தூக்கச் சொன்னார்கள். பதினாறு கைகள் உயர்ந்தன. எல்லாரும் ஆல்வினைப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காததற்கு இதாவது கிடைக்கட்டும் என்று அவருக்குள் ஏதோ ஒன்று சமாதானம் சொல்லிற்று. பதினேழாவது கையும் மேலே போயிற்று. ஒருமனதாக நிறைவேறியது என்று யூனிஸ் எழுதினாள். சான்றிதழை நேரில் கொண்டு கொடுக்கும் பொறுப்பும் ஆல்வின் தலையில் கட்டப்பட்டது.

மறுநாள் ப்ளஃபுக்குக் காரில் போனார். ரோனாவின் வீடு மேட்டில் இருந்தது. கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உள்ளே வரச் சொல்லிச் சமையலறை மேஜையைக் காட்டினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையை இறுக்கி முடிந்திருந்தாள். மேஜைமேல் ஒரு மடிக்கணினி திறந்திருந்தது.

ஆல்வின் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் உறையை நீட்டினார். அவள் பிரித்துப் பார்த்தாள். தட்டச்சில் யூனிஸுக்குக் கை தவறியிருந்தது. ‘ரோனா மெக்கெர்ச்சர்’ என்று இருந்தது.

“என்ன, அவருக்கே என்னைக் கட்டி வெச்சுட்டீங்களா?” என்றாள்.

ஆல்வினுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

“ரோனா, துறைமுக ஆபீஸ்ல இருந்து…”

“செவ்வாக்கிழமையே லெட்டர் வந்துருச்சு. ‘விண்ணப்பத்தில் கூறியுள்ள அனுபவத்தை உறுதிசெய்ய இயலவில்லை’ன்னு. பொய் சொல்லியிருக்கேன்னு நாகரிகமா எழுதியிருக்காங்க.”

“இன்னொரு தரம் கேட்டா…”

“ஆளப் போட்டாச்சு, ஆல்வின். அடுத்த திங்கக்கிழமை சேர்றாங்க. அந்த வேலை முடிஞ்ச கதை.” சான்றிதழைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். “சின்ன ஊரு. நாளைக்கு நான் எங்க போய் நின்னாலும், அந்தப் பொய்க்காரிதானேம்பாங்க.”

“கருவியில ஒரு கோளாறு…” என்று ஆரம்பித்தார் ஆல்வின். ஆரம்பித்த உடனே நிறுத்தியிருக்கலாம். முடிக்கிற வரை சொன்னார்.

அவர் முடித்ததும் ரோனா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

“இதுல ஒரு கட்டளை இருக்கு. எந்த வரிய யாரு எழுதினாங்கன்னு காட்டும். அதுக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க, தெரியுமா உனக்கு?”

ஆல்வினுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பழி என்றுதான் அதற்குப் பெயர். நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க ஒருவர் வரிக்கு ஒருவர் பழி போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

“உன் பேர்ப் பட்டியலயும் ஏட்டுக்குள்ளயே போட்டு வெச்சிருக்கே. அதுக்கு அடிச்சுப் பாத்தேன்.”

திரையில் நாற்பத்தொரு வரிகள். ‘ஆர்எம்சிகே’ வரிக்கு எதிரே ஆல்வின் டெய்ட் என்று இருந்தது. தேதி இருந்தது. ‘தலைவர் விருப்பப்படி’ என்று இருந்தது. ரோனா ஒரு விசையைத் தட்டினாள். அதற்கு முன்னால் அந்த வரி எப்படி இருந்தது என்று காட்டியது. ரோனா மெக்கெக்னி. எழுதியவர் ஆல்வின் டெய்ட்.

“விழா அன்னிக்கே என் பேரு காணோம்னு பாத்துட்டேன்,” என்றாள். “உனக்குத் தெரிஞ்சிருக்காது, எங்கயோ தப்பாயிருக்கும்னு நினைச்சேன். அதனாலதான் உன் பேரையே விசாரிக்கக் குடுத்தேன். அவங்க போன் பண்ணினா நீ சொல்லிடுவேன்னு. லெட்டர் வந்தப்புறம்தான் இதை அடிச்சேன். நீ மொதல்ல சரியா எழுதியிருக்கே.”

ஆல்வினால் அவளைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தார். அங்கேயும் அவர் பெயர்தான் இருந்தது.

“ஏன்? ராஸ் மிரட்டினாரா?”

“இல்ல.”

“ஏதாவது தர்றேன்னாரா?”

“இல்ல.”

“பின்ன?”

அவர் தேடிப் பார்த்தார். ஒரு பெரிய காரணம், ஒரு பயம், ஒரு ஆசை, சொன்னால் அவள் கோபப்படவாவது தகுந்த ஒன்று. எதுவும் இல்லை. அந்தக் கூடத்தில் ஹீட்டர் ஓடவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. இன்னும் வாதாடினால் இன்னும் அரை மணி ஆகும்.

“குளிரா இருந்துச்சு,” என்றார். “வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான், ரோனா.”

வைவாள் என்று எதிர்பார்த்தார், வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மடிக்கணினியில் ஒரு வெற்றுக் கடிதத்தைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள்.

“பராதாவுக்கு எழுது. வேலை கேட்டு இல்ல. நான் பொய் சொல்லலேன்னு. ராஸப் பத்தி ஒரு வார்த்தை வேணாம், அந்தாளு கொட்டகையில எதையோ நினைச்சுக்கட்டும்.”

ஆல்வின் எழுதினார். பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“‘பெயர் மாறிவிட நேர்ந்தது’ன்னு இருக்கு. தானா நேர அது என்ன மழையா? யாரு மாத்தினது?”

“நான்.”

“அப்ப அதை எழுது.”

அவர் அழித்துவிட்டு, ‘நான் மாற்றினேன்’ என்று அடித்தார்.

“தெரிஞ்சா, தெரியாமலா?”

விரல்கள் விசைகளின்மேல் நின்றன. இத்தனை வருஷத்தில் எத்தனை அறிக்கை, எத்தனை தீர்மானம் எழுதியிருப்பார். எதிலும் இந்த இரண்டு சொற்களை ஒன்றாக எழுதியதில்லை. ‘நான்’ என்பதற்குப் பக்கத்தில் இடம் விட்டு, ‘தெரிந்தே’ என்று சேர்த்தார்.

ரோனா வாக்கியத்தை ஒருமுறை உதட்டுக்குள் படித்தாள். பிறகு அவர் கையைத் தாண்டிக் கையை நீட்டி, அனுப்பும் விசையைத் தானே அழுத்தினாள்.